அதிகம் பேசாதவருக்கு எந்த ரீசார்ஜ்? நாள்கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி

ராஜபாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் பெரியம்மா தனியாக இருக்கிறார். வயது எழுபத்தாறு. போன் என்பது அவருக்கு மணி அடித்தால் எடுக்க வேண்டிய ஒரு சாமான், அவ்வளவுதான். மகன் கூப்பிடுவார், மகள் கூப்பிடுவார். அவராகக் கூப்பிடுவது பால்காரரையும், எப்போதாவது என்னையும். அதுகூட ஒரு மிஸ்டு கால்தான்; "நீ கூப்பிடு, எனக்குக் காசு போயிரும்" என்பார்.

போன வருடம் ஊருக்குப் போனபோது அவருடைய ரீசார்ஜ் கணக்கைக் கிளறினேன். 28 நாளைக்கு ஒருமுறை 299 ரூபாய். தினம் 1 ஜிபி டேட்டா உண்டு. ஆனால் அவர் கையில் இருப்பதோ பட்டன் போன். இரண்டு வருடமாக ஒரு எம்பி கூடச் செலவழியவில்லை. கடைப் பையனிடம் கேட்டேன். "எல்லாருக்கும் அதைத்தாண்ணே போடுறோம்" என்றான். அவன்மேல் தப்பு இல்லை. பெரியம்மா பணத்தை நீட்டி "போட்டு விடுப்பா" என்பார், அவன் வாடிக்கையாகப் போடுவதைப் போடுவான்.

அன்று உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அதிகம் பேசாத யாருக்கும் இது பொருந்தும்: ஊரில் இருக்கும் பெரியவர்கள், வங்கி ஓடிபிக்காக மட்டும் இரண்டாவது சிம் வைத்திருப்பவர்கள், வீட்டில் வைஃபையும் ஆபீஸில் வைஃபையும் இருப்பவர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைய பிளான்களில் பேசுவதற்குத் தனி விலை என்று பெரிதாக எதுவும் கிடையாது. பெரும்பாலானவற்றில் பேச்சு அளவில்லாமல் வருகிறது. நாள் முழுக்கப் பேசினாலும் வாரத்துக்கு ஒருமுறை பேசினாலும் ஒரே பணம்தான். அப்படியானால் குறைவாகப் பேசுகிறவர் கடையில் வாங்குவது என்ன? நாள். இந்த எண் இத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அவர் பணம் கட்டுகிறார். ஆகவே பார்க்க வேண்டிய விலை, ஒரு நாளைக்கு எவ்வளவு என்பது.

முதலில், உங்கள் ஒரு மாதத்தைப் பாருங்கள்

பிளான் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் போனைத் திறங்கள். அழைப்புப் பட்டியலில் கடந்த 30 நாளில் நீங்களாகக் கூப்பிட்டவை எத்தனை என்று எண்ணுங்கள். வந்த அழைப்புகளை எண்ண வேண்டாம்; அவற்றுக்கு உள்நாட்டில் கட்டணம் இல்லை. ஸ்மார்ட்போன் என்றால் செட்டிங்ஸில் மொபைல் டேட்டா ஒரு மாதத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்றும் பாருங்கள். வைஃபையில் போனது தனிக் கணக்கு, அதைச் சேர்க்காதீர்கள்.

இதைச் செய்தால் பலருக்கும் ஒரு சின்ன அதிர்ச்சி இருக்கும். "தினம் 2 ஜிபி இல்லாமல் ஆகாது" என்று சொல்லிக்கொண்டிருந்த என் நண்பர் ஒருவருக்கு மாதம் முழுக்க மொபைல் டேட்டா 3 ஜிபிதான் போயிருந்தது. மற்றதெல்லாம் வீட்டு வைஃபை.

எஸ்எம்எஸ் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. "இந்தப் பிளானில் எஸ்எம்எஸ் குறைவாக இருக்கிறதே, ஓடிபி வராதோ?" என்று கேட்பார்கள். பிளானில் போட்டிருக்கும் எஸ்எம்எஸ் எண்ணிக்கை நீங்கள் அனுப்புவதற்கு. வங்கி அனுப்பும் ஓடிபி, மின்வாரியம் அனுப்பும் பில் தொகை, ரேஷன் கடை மெசேஜ் இவையெல்லாம் உள்ளே வருபவை. அந்த எண்ணிக்கையில் சேராது. நீங்கள் அனுப்ப வேண்டி வருவது பெரும்பாலும் யுபிஐ ஆப்பையோ வங்கி ஆப்பையோ புது போனில் பதிவு செய்யும்போதுதான். அந்த ஆப் உங்கள் சிம்மிலிருந்து ஒரு மெசேஜைத் தானாக அனுப்பிப் பார்க்கும். அதற்கு மாதம் பத்து எஸ்எம்எஸ் இருந்தாலே தாராளம்.

விலைக்கு முன்னால் சிக்னல்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள்தான் அதிகம். பேசாதவருக்கும் சிக்னல் வேண்டும்; சொல்லப்போனால் அவருக்குத்தான் அதிகம் வேண்டும். அவர் எப்போதாவது ஒருமுறை கூப்பிடுவது ஆம்புலன்ஸுக்காக இருக்கலாம்.

வாசலில் நின்று பார்த்தால் போதாது. படுக்கிற அறை, அடுப்படி, மாடிப்படிக்குக் கீழே என்று போன் வழக்கமாகக் கிடக்கும் இடத்தில் பாருங்கள். பெரியம்மா வீட்டில் போன் இருப்பது சாமி மாடத்துக்குப் பக்கத்தில். சுவர் இரண்டடி கனம். வாசலில் நாலு கோடு காட்டிய ஒரு சிம் அங்கே போனதும் செத்துப்போனது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எந்த நிறுவனத்தின் சிம் என்று கேட்பதும், விருந்துக்கு வருகிறவர் போனை வாங்கி அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பதும் காசில்லாத சோதனை.

போன் எந்த வகை என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். சாதாரண பட்டன் போன் 2ஜியில் ஓடுவது. ஜியோவிடம் 2ஜி கிடையாது, 4ஜியிலிருந்துதான் தொடக்கம். அதனால் பழைய பட்டன் போனில் ஜியோ சிம்மைப் போட்டால் வேலை செய்யாது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா), பிஎஸ்என்எல் மூன்றிலும் 2ஜி இருக்கிறது. ஜியோவே வேண்டும், பட்டன் போனும் வேண்டும் என்றால் அவர்களுடைய ஜியோபாரத் போன் உண்டு. 2023-இல் 999 ரூபாய்க்கு வந்தது. அதற்கென்று 28 நாளுக்கு 123 ரூபாய் பிளானும் உண்டு, ஆனால் அந்தப் போனில் மட்டும்தான் அது செல்லும். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓட்ட முடியாது.

பிஎஸ்என்எல் பற்றி ஒரு வார்த்தை. அதன் சொந்த 4ஜி 2025 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிவைக்கப்பட்டது. பழைய சிம் வைத்திருப்பவர் 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும். சில ஊர்களில் அருமையாக இருக்கிறது, சில தெருக்களில் இல்லவே இல்லை. உங்கள் சாமி மாடத்தில் எப்படி என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நாள்கணக்கு

இப்போது பேப்பரும் பேனாவும் எடுங்கள். பிளான் விலையை நாள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

28 நாள் பிளானை எடுத்துக்கொள்வோம். மாதம் என்று நாம் நினைப்பது 30 நாள், இது 28. வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை போடுகிறோம் என்று நினைப்போம். உண்மையில் பதின்மூன்று தடவை. இந்தப் புகார் பெருகித்தான் 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் பிளானும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளானும் கட்டாயம் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. பட்டியலில் அவை இருக்கின்றன, ஆனால் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

2024 ஜூலையில் விலை ஏறிய பிறகு, 28 நாளுக்குக் குறைந்த பிளான் என்று பலரும் போட்டது ஏர்டெல், வியில் 199 ரூபாய், ஜியோவில் 189 ரூபாய். இரண்டிலும் மொத்தமாக 2 ஜிபி. 199-ஐ 28-ஆல் வகுத்தால் நாளுக்கு 7 ரூபாய் 11 காசு. பதின்மூன்று தடவைக்கு 2,587 ரூபாய். பெரியம்மா போட்டுக்கொண்டிருந்த 299 என்றால் 3,887 ரூபாய்.

இதற்கு மாற்றாக இன்னொரு வகை இருக்கிறது. டேட்டாவே இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட பிளான். 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தி, இப்படி ஒரு பிளானாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்தாக வேண்டும் என்றது. அதே திருத்தத்தில், இந்த மாதிரிச் சிறப்பு வவுச்சர்களுக்கு இருந்த 90 நாள் உச்சவரம்பை 365 நாளாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் பிளான்கள் வந்தன. முதலில் வந்த விலையைப் பார்த்துச் சத்தம் கிளம்ப, சில நாளிலேயே குறைத்தார்கள். குறைத்த பிறகு நின்ற விலை இது:

ஜியோ: 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய்.
ஏர்டெல்: 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய்.
வி: 84 நாளுக்கு 470 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய்.

வகுத்துப் பாருங்கள். ஜியோவின் 448 ரூபாய் பிளான், நாளுக்கு 5.33. ஏர்டெல்லின் 469 ரூபாய் பிளான், நாளுக்கு 5.58. 1,849 ரூபாய் வருடப் பிளான், நாளுக்கு 5.07. ஜியோவின் 1,748 கேட்க மலிவாகத் தெரியும், ஆனால் அது 336 நாள்தான், நாளுக்கு 5.20. இதற்காகத்தான் வகுக்கச் சொல்கிறேன். நூறு ரூபாய் குறைவு என்று கண்ணுக்குத் தெரிவது, கணக்கில் நாளுக்குப் பதின்மூன்று காசு அதிகமாக வருகிறது.

பிஎஸ்என்எல்லில் கதை வேறு. அங்கே 1,198 ரூபாய்க்கு 365 நாள் பிளான் ஒன்று வந்தது. மாதத்துக்கு 300 நிமிடம் பேச்சு, 3 ஜிபி டேட்டா, 30 எஸ்எம்எஸ். நாளுக்கு 3 ரூபாய் 28 காசு. மாதம் 300 நிமிடம் என்றால் தினம் பத்து நிமிடம். அதிகம் பேசாதவருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை நான் பார்க்கவில்லை, சிக்னல் மட்டும் இருந்தால். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தனியார் விலையை ஏற்றுவார்கள்; பிஎஸ்என்எல் விலையை அப்படியே வைத்து நாளைக் குறைக்கும். 107 ரூபாய் பிளான் நல்ல உதாரணம். 35 நாளாக இருந்தது 28 நாளானது. விலைச்சீட்டில் மாற்றமே இல்லை, ஆனால் நாளுக்கு 3.06-இலிருந்து 3.82 ஆகிவிட்டது. அதனால் போன தடவை போட்ட அதே பிளான்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது.

மேலே உள்ள விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை. போடும் அன்றைக்கு நிறுவனத்தின் சொந்த ஆப்பில் விலை, நாள் இரண்டையும் பார்த்து மறுபடி வகுத்துக்கொள்ளுங்கள். டிராயின் இணையதளத்திலும் எல்லா நிறுவனப் பிளான்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பக்கம் உண்டு. ஆப்பைத் திறந்ததும் மேலே மின்னுவது அவர்கள் விற்க நினைப்பது. பேச்சு மட்டும் உள்ள பிளானுக்குப் பொறுமையாகக் கீழே இறங்க வேண்டும்.

டேட்டா இல்லாத பிளானைப் போட்டால்

வீட்டில் வைஃபை இருந்தால் வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் வழக்கம்போல ஓடும். அவற்றுக்குச் சிம்மின் டேட்டா தேவையில்லை. வெளியே போகும்போதுதான் சிக்கல். காய்கறிக் கடையில் ஜிபே செய்ய முடியாது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது அப்படித் தேவைப்படும் என்றால், பேச்சு மட்டும் பிளானும் அவ்வப்போது சின்ன டேட்டா பேக்கும் என்று ஓட்டாதீர்கள். சில்லறை சில்லறையாகப் போட்டு 199-ஐத் தாண்டிவிடுவீர்கள். எப்போதாவது ஒரு நாள் என்றால் சின்ன பேக் சரி. அதைப் போட்டதால் பிளானின் கடைசி நாள் தள்ளிப்போகாது என்பது நினைவிருக்கட்டும்.

இன்னொன்று: போனில் மொபைல் டேட்டா பொத்தானை அணைத்து வையுங்கள். மெயின் பேலன்ஸில் ஏதாவது பணம் கிடந்தால், பிளானில் டேட்டா இல்லாதபோது அந்தப் பேலன்ஸைப் பின்னணியில் ஓடும் ஆப்கள் அரித்துவிடும்.

தொண்ணூறு நாள் விஷயம்

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பெரியம்மாவுக்கு முன்னால் வேறொரு எண் இருந்தது. பெரியப்பா இருந்தபோது வாங்கியது. உடம்பு சரியில்லை என்று மகள் வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டு வந்தார். போன் அலமாரியிலேயே கிடந்தது. திரும்பி வந்து ரீசார்ஜ் செய்யப் போனால் எண்ணே இல்லை. கடையில் கேட்டதற்கு, வேண்டுமானால் புது சிம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். சில மாதம் கழித்து அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு பையன் எடுத்தான், பின்னால் லாரி ஹாரன் சத்தம். வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் இணைப்பு, ரேஷன் அட்டை எல்லாம் அந்த எண்ணில்தான் இருந்தன. ஒவ்வொன்றாக மாற்ற இரண்டு மாதம் ஆனது. பெரியம்மாவை ஆட்டோவில் ஏற்றி ஆதார் மையத்துக்கு மட்டும் மூன்று தடவை போனோம்.

விதி இதுதான். தொடர்ந்து 90 நாள் அந்த எண்ணில் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். ஒரு அழைப்பு வந்தாலும், நீங்கள் ஒன்று கூப்பிட்டாலும், ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினாலும், டேட்டாவைத் தொட்டாலும் அது பயன்பாடுதான். துண்டித்த பிறகு 15 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் போய்க் கேட்டால் அதே எண் கிடைக்கும். அதன்பின் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"20 ரூபாய் இருந்தால் சிம் சாகாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பாதி உண்மை. 2013 முதலே அப்படி ஒரு விதி இருக்கிறது: 90 நாள் பயன்பாடு இல்லாமல் போனாலும், ப்ரீபெய்டு மெயின் பேலன்ஸில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், 20 ரூபாய் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் எண்ணைத் துண்டிக்காமல் வைத்திருக்க வேண்டும். பேலன்ஸ் இருக்கும்வரை இது தொடரும். ஆனால் இது எண்ணைக் காப்பதற்கு மட்டும். பிளான் முடிந்த சிம்மில் வெளியே போகும் அழைப்பு உடனே நின்றுவிடும், உள்ளே வருவது சில நாளில் நிற்கும். 20 ரூபாய் அதைத் திரும்பக் கொண்டுவராது. ஓடிபிக்காக எண் வைத்திருப்பவர் இதை நம்பி உட்கார்ந்தால், எண் இருக்கும், ஓடிபி வராது. அப்புறம், 20 ரூபாய் டாப்-அப் போட்டால் பேலன்ஸில் ஏறுவது 14 ரூபாய் 95 காசுதான். மீதி வரிக்கும் கட்டணத்துக்கும் போய்விடும். 20-க்கு மேல் வைக்க இரண்டு தடவை போட வேண்டும்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊர் எண்ணை ஓடிபிக்காக வைத்திருப்பவர்களுக்கு வருடப் பிளான்தான் நிம்மதி. கிளம்பும் முன் இங்கேயே ரோமிங்கை இயக்கி, டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள். அங்கே அந்தச் சிம்மில் மணி அடித்தால் எடுக்காதீர்கள். எடுத்தால் நிமிடத்துக்குப் பணம் போகும்.

நிறுவனம் மாறுவது என்றால்

சிக்னலும் கணக்கும் வேறு நிறுவனத்தைக் காட்டினால் எண்ணை மாற்ற வேண்டியதில்லை, போர்ட் செய்தால் போதும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் போர்ட் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எஸ்எம்எஸ் இல்லாத பிளானில் இருந்தாலும் இந்த ஒரு மெசேஜ் போக வேண்டும் என்று டிராய் 2021 டிசம்பரில் எல்லா நிறுவனங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. பதிலாக எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். நம் பக்கம் அது நாலு நாள் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புது நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டும். மாநிலத்துக்குள் என்றால் மூன்று வேலைநாள். நடுவில் சில மணி நேரம் சிக்னல் போய்த் திரும்பும். அன்றைக்கு வங்கி வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு மூன்று நிபந்தனைகள். இப்போதைய நிறுவனத்தில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். சிம் தொலைந்து மாற்றியிருந்தால் ஏழு நாள் குறியீடு தர மாட்டார்கள். சிம் மோசடியைத் தடுக்க 2024 ஜூலை 1 முதல் வந்த விதி. பழைய பிளானில் மீதி இருக்கும் நாளும் பேலன்ஸும் கூட வராது, அதனால் பிளான் முடிய ஒரு வாரம் இருக்கும்போது தொடங்குவது நல்லது. வருடப் பிளானைப் போட்ட மறு மாதம் போர்ட் செய்தால் அந்தப் பணம் போனதுதான்.

பெரியவர்கள் விஷயத்தில் தடங்கல் வேறு இடத்தில் வரும். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நேரில் வர வேண்டும். ஊரில் பாதிப் பேருடைய சிம் அவர்கள் பெயரில் இல்லை. மகன் பெயரில் இருக்கும், இறந்துபோன கணவர் பெயரில் இருக்கும், சிம் வாங்கிக் கொடுத்த யாரோ ஒருவர் பெயரில்கூட இருக்கும். போர்ட் பற்றி யோசிக்கும் முன்னால் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்று காட்டும். உங்களுக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே சொல்லி நிறுத்தலாம். இறந்தவர் பெயரில் இருக்கும் சிம்மை வாரிசு பெயருக்கு மாற்ற நிறுவனத்தின் சொந்த அலுவலகத்துக்கு இறப்புச் சான்றிதழோடு போங்கள். பெட்டிக்கடையில் அது நடக்காது.

எத்தனை நாளுக்குப் போடுவது

நாள்கணக்கில் வருடப் பிளான்தான் மலிவு. ஆனாலும் புதிதாக மாறுகிறவருக்கு முதல் தடவை 84 நாள் பிளானைத்தான் சொல்வேன். மழைக்காலத்தில் சிக்னல் எப்படி, கரண்ட் போனால் டவர் நிற்கிறதா, அழைப்பு நடுவில் அறுகிறதா என்பதெல்லாம் இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். நன்றாக இருந்தால் அடுத்து வருடத்துக்குப் போடுங்கள். 448-க்கும் 1,849-க்கும் உள்ள வித்தியாசம், ஏமாந்தால் எவ்வளவு போகும் என்பதும்தான்.

இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் இரண்டாவது எண் எதற்கு என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வங்கிக் கணக்கு ஒன்று அதில் இருக்கிறது என்பதற்காக மட்டும் வருடம் 1,849 கட்டுவதைவிட, ஒரு நாள் லீவு போட்டு வங்கிக்குப் போய் எண்ணை மாற்றிவிடலாம். மாற்றி முடித்தோம் என்று உறுதியான பிறகே பழைய சிம்மைக் கைவிடுங்கள்.

சில்லறை ஓட்டைகள்

அதிகம் பேசாதவர் பேலன்ஸைப் பார்ப்பதும் குறைவு. அதனால் காலர் டியூன், ஜோசியம், கிரிக்கெட் செய்தி என்று ஏதாவது சேவை ஒட்டிக்கொண்டால் மாதக்கணக்கில் தெரியாது. 155223-க்குக் கூப்பிட்டு நிறுத்தலாம், கட்டணமில்லை. விளம்பர அழைப்புகளுக்கு 1909.

ஜிபே, போன்பே போன்ற ஆப்களில் ரீசார்ஜ் செய்யும்போது கட்டணம் என்று ஓரிரு ரூபாய் சேர்ப்பதுண்டு. நிறுவனத்தின் சொந்த ஆப்பில் செய்தால் மிச்சம். தொகை சிறியதுதான், ஆனால் நாம் காசுக்கணக்கு பார்த்துக்கொண்டிருக்கிறோம் அல்லவா.

தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபேயை வருடப் பிளானுக்கு வைக்காதீர்கள். அடுத்த வருடம் விலை என்னவாக இருக்கும் என்று பார்த்துவிட்டுப் போடுவதே நல்லது. பிளான் முடியும் முன்னாலேயே அடுத்ததைப் போட்டால் சில நிறுவனங்களில் அது வரிசையில் காத்திருந்து, பழையது முடிந்ததும் தொடங்கும். எல்லாப் பிளானுக்கும் அப்படி இல்லை. பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரீசார்ஜ் செய்ததும் வரும் மெசேஜில் கடைசி நாள் இருக்கும். அதைப் பேப்பரில் எழுதி வையுங்கள். 84 நாள் என்பது நினைவில் நிற்கிற அளவு இல்லை. 2026 பொங்கலன்று, ஜனவரி 15-இல் போட்டால் ஏப்ரல் 8-இல் முடிந்துவிடும், சித்திரை பிறப்பதற்கு முன்னாலேயே. பணம் போய் பிளான் ஏறவில்லை என்றால் 198-க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். அந்த எண் கையில் இல்லாமல் அடுத்த மேல்முறையீட்டுக்குப் போக முடியாது.

பெரியம்மாவுக்கு அன்றைக்கு 84 நாள் பேச்சு மட்டும் பிளானைப் போட்டுவிட்டு, அடுப்படியில் தொங்கும் தினசரி காலண்டரில் முடியும் தேதியின் தாளைப் புரட்டிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். பக்கத்திலேயே என் எண்ணையும் எழுதினேன். "இதுல இனிமே நானா கூப்பிட்டாக் காசு போகாதா?" என்று கேட்டார். போகாது என்றேன். அன்று ராத்திரி நான் ஊர் திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது போன் அடித்தது. எடுத்தேன். இந்தத் தடவை அவர் கட் செய்யவில்லை.